சனகெரிப்போட கால்வாயிலிருந்து நினிவே வாசல் வரைக்கும்: ஈராக் பயணக் குறிப்புகள்

ஞாயிறு இரவு, எர்பில்

நினிவே பட்டணம் அழியும்னு சொல்ற நாகூம் தீர்க்கதரிசி புஸ்தகத்தை பைபிள்ல எடுத்து ஒரு முழு பிரசங்கம் கேட்டதா எனக்கு ஞாபகமே இல்ல. யோனா கதை தெரியாத சண்டே ஸ்கூல் பிள்ளை நம்ம பக்கம் கிடையாது, மீன் வயிறு, ஆமணக்குச் செடி, புழு எல்லாத்தையும் ஒப்பிக்கும், ஆனா அதே நினிவே பட்டணத்துக்கு கடைசியில என்ன ஆச்சுன்னு கேட்டா பெரியவங்களே முழிப்பாங்க. 3 அதிகாரம், 47 வசனம், மீகாவுக்கும் ஆபகூக்குக்கும் நடுவுல இருக்கு, புரட்டிட்டுப் போயிடுவோம்.

என் சித்தப்பா அப்படி இல்ல. திருநெல்வேலி பக்கம் ஒரு ஸ்கூல்ல வரலாறு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, சபையில பைபிள் ஸ்டடி எடுப்பாங்க, அசீரியா பத்தி ஆரம்பிச்சா சாப்பாட்டு நேரம் தாண்டிரும். நினிவே மதிலை ஒரு தடவை கண்ணால பாக்கணும்னு பல வருஷமா சொல்லிட்டிருந்தாங்க. விசா, இன்சூரன்ஸ், வீட்டுல சித்தியைச் சம்மதிக்க வைக்கிறதுன்னு எல்லாம் முடிஞ்சு இந்த மார்ச்ல கிளம்பிட்டோம். தோஹா வழியா எர்பில். இங்க ஊரு நடுவுல பெரிய மேடு மாதிரி கோட்டை, அது மேல ஆயிரக்கணக்கான வருஷமா ஜனங்க குடியிருந்திருக்காங்க, அசீரியர் காலத்துல இதுக்குப் பேரு அர்பேலா, இஷ்தார் தேவிக்குப் பெரிய கோயில் இருந்த ஊரு. சாயங்காலம் ஒரு சுத்து சுத்திட்டு, கபாப் சாப்பிட்டுட்டு, இப்ப ஹோட்டல் ரூம்ல உக்காந்து டைப் பண்றேன்.

படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை சொல்லிடறேன், இல்லாட்டி நாளைக்கு எழுதப்போறது புரியாது. அசீரியாங்கிறது இந்த வடக்கு ஈராக்ல இருந்து கிளம்பி எகிப்து வரைக்கும் மிதிச்ச ராஜ்யம், நினிவே பிற்காலத்துல அதோட தலைநகரம். சமாரியாவைப் பிடிச்சு இஸ்ரவேல் ஜனத்தைச் சிறைபிடிச்சுட்டுப் போனவங்க இவங்கதான், கி.மு. 722. அப்புறம் 701-ல அசீரியா ராஜா சனகெரிப் யூதாவுக்குள்ள வந்து எசேக்கியா ராஜாவை எருசலேமுக்குள்ள அடைச்சான், கூண்டுல அடைச்ச பறவை மாதிரி வச்சேன்னு அவனே களிமண் பட்டயத்துல எழுதி வச்சிருக்கான், 46 அரணான பட்டணங்களைப் பிடிச்சேன்னும் அதுல இருக்கு. எசேக்கியா கட்டின கப்பம் 30 தாலந்து பொன்னுன்னு 2 இராஜாக்கள் 18-ல வருது பாருங்க, சனகெரிப் எழுதினதுலயும் அதே 30. ஆனா எருசலேமைப் பிடிச்சேன்னு மட்டும் அவன் எங்கயும் எழுதல.

இந்த அசீரியாவைப் பத்தி ஏசாயா 10-ல ஒரு வார்த்தை இருக்கு. அவன் என் கோபத்தின் கோல்னு கர்த்தர் சொல்றார், அதாவது அவனை அனுப்பினதே அவர்தான், ஆனா அந்தக் கோலுக்கே ஐயோன்னும் சொல்றார். ஏன்? கோடரி வெட்டுறவனைப் பாத்து நான்தான் பெரியவன்னு சொல்லலாமான்னு கேக்குறார். சித்தப்பா ஃப்ளைட்ல வரும்போதே இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு வந்தாங்க, "இந்த ஒரு வசனத்தை மனசுல வச்சுக்கிட்டு பாருல, மத்ததெல்லாம் தானா விளங்கும்"னு.

திங்கள், கின்னிஸ், ஜெர்வான்

டிரைவர் அண்ணன் காலையில ஏழு மணிக்கே வந்துட்டார். அல்கோஷ் ஊர்க்காரர், கல்தேய கிறிஸ்தவர், வீட்டுல சுரேத் பேசுவாங்க (அரமேயிக்ல இருந்து வந்த பேச்சு), வெளிய அரபி, குர்தி, நம்மகிட்ட இங்கிலீஷ். சித்தப்பாவை முதல் அஞ்சு நிமிஷத்துலயே "அங்கிள்"னு கூப்பிட ஆரம்பிச்சுட்டார்.

மார்ச்ல இந்த ஊரு இவ்ளோ பச்சையா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல, ஈராக்னா பாலைவனம்னுதான் மண்டையில இருந்துச்சு, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கோதுமை, நடுநடுவுல சிவப்புப் பூ, தூரத்துல மலை. கின்னிஸ்ங்கிறது கோமெல் ஆத்துக்கரையில ஒரு பாறைச் சரிவு. இங்கதான் சனகெரிப் ஆத்தை மறிச்சு கால்வாய் வெட்டி நினிவேக்குத் தண்ணி கொண்டு போனான். பாறையில பெரிய சிற்பம், தெய்வங்களுக்கு முன்னாடி ராஜா நிக்கிறான், பிற்காலத்துல யாரோ அந்தச் சிற்பத்தையே குடைஞ்சு சின்னச் சின்ன அறை போட்டிருக்காங்க, தெய்வத்தோட உடம்பு நடுவுல ஜன்னல் மாதிரி ஓட்டை. ஒரு பெரிய செதுக்கின பாறை ஆத்துக்குள்ளயே விழுந்து கிடக்கு, பாதி தண்ணியில. பசங்க அது மேல ஏறிக் குதிச்சு விளையாடிட்டிருந்தாங்க.

சித்தப்பாவுக்கு வேண்டியது அது இல்ல. மேல, பாறை உச்சிக்குப் பக்கத்துல, வரிசையா மாடம் மாடமா வெட்டியிருக்கு, ஒவ்வொண்ணுலயும் ராஜா உருவம், சிலதுல ஆப்பெழுத்துக் கல்வெட்டு. அண்ணாந்து பாத்து கழுத்தே வலிச்சுது. அந்தக் கல்வெட்டு முதல்ல கால்வாய் வெட்டின பெருமையைச் சொல்லுது, அப்புறம் கி.மு. 689-ல பாபிலோனை அவன் என்ன பண்ணான்னு சொல்லுது. ஊர்த் தெருவெல்லாம் பிணத்தால நிரப்பினேன், வீடு கோயில் எல்லாத்தையும் அஸ்திபாரத்தோட இடிச்சேன், செங்கல்லையும் மண்ணையும் வாய்க்கால்ல கொட்டினேன், ஊருக்கு நடுவுல கால்வாய் வெட்டித் தண்ணியை விட்டு அந்த இடத்தையே கரைச்சேன், இங்க ஒரு பட்டணம் இருந்துச்சுன்னு வரப்போற நாள்ல யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதுன்னு அப்படிப் பண்ணேன். இதைத்தான் தண்ணி கொண்டுவந்த சந்தோஷத்தோட சேத்து ஒரே கல்லுல வெட்டி வச்சிருக்கான்.

இதைக் கேட்டுட்டு நாகூம் 2:6 படிங்க. "ஆறுகளின் மதகுகள் திறக்கப்படும், அரமனை கரைந்துபோம்." சித்தப்பா அந்த ஆத்தங்கரையில நின்னு படிச்சாங்க, எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. தண்ணியை வச்சு ஒரு ஊரையே கரைச்சேன்னு பெருமையா எழுதினவனோட அரமனை கரையும்னு தீர்க்கதரிசி சொல்றார். 689-ல அழிஞ்ச அந்தப் பாபிலோன் சனங்கதான் மேதியரோட (இன்னைக்கு ஈரான் இருக்கிற பக்கத்து ஜனங்க) சேந்து வந்து நினிவேயை முடிச்சாங்க, கி.மு. 612-ல. நடுவுல 77 வருஷம்.

அங்கிருந்து ஜெர்வான். உலகத்துல இன்னைக்கு மிச்சமிருக்கிற ரொம்பப் பழைய கல் நீர்ப்பாலங்கள்ல ஒண்ணு, ரோமர்கள் கட்டினதுக்கெல்லாம் பல நூறு வருஷம் முந்தினது. ஒரு பள்ளத்தைத் தாண்டி கால்வாயைக் கொண்டு போறதுக்காகக் கட்டினது, கிட்டத்தட்ட 280 மீட்டர் நீளம், 20 லட்சம் கல்லுக்கு மேல போட்டிருப்பாங்கன்னு கணக்குப் போடுறாங்க. ஒரு காவல்காரரும் நாலஞ்சு ஆடும் தவிர யாரும் இல்ல. இங்க கல்வெட்டைக் கையால தொடலாம். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லு, மேல ஆரஞ்சு கலர்ல பாசி படிஞ்சிருக்கு, ஒவ்வொரு ஆப்புக் குறியும் ஆள்காட்டி விரல் நுனி உள்ள போற அளவுக்கு ஆழம். விளிம்பு இன்னும் கூரா இருக்கு. சனகெரிப், உலகத்தின் ராஜா, அசீரியாவின் ராஜா, அப்படின்னுதான் அதுவும் ஆரம்பிக்குது.

வேலை அருமையான வேலை, அதை மறைக்க முடியாது. 150 கிலோமீட்டருக்கு மேல கால்வாய் வலை போட்டு மலைத் தண்ணியைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் கொண்டு வந்த ஆளை வெறும் முரடன்னு தள்ளிட முடியல. எனக்கு அதுதான் இன்னும் பயமா இருக்கு. புத்தியும் திறமையும் இருந்தவங்கதான் அந்தக் கொடுமையையும் பண்ணாங்க.

செவ்வாய், அல்கோஷ்

டிரைவர் அண்ணன் ஊரு. மலை அடிவாரத்துல கல்லு வீடுங்க, எங்க பாத்தாலும் சிலுவை, தெற்க பாத்தா நினிவே சமவெளி கண்ணுக்கெட்டுற தூரம் விரிஞ்சு கிடக்கு. 2014-ல ஐ.எஸ். ஆளுங்க இந்தச் சமவெளி முழுக்கப் பிடிச்சப்ப அல்கோஷ் மட்டும் அவங்க கைக்குப் போகல, ஆனா ரொம்பப் பக்கம் வந்துட்டாங்க, ஊரே காலி பண்ணிட்டு ஓடிருச்சு, சில ஆம்பளைங்க மட்டும் துப்பாக்கியோட காவலுக்கு நின்னாங்களாம். அண்ணனும் அதுல ஒருத்தர். அதுக்கு மேல அவர் பேசல, நாங்களும் கேக்கல.

நாகூம் முதல் வசனத்துல "எல்கோசானாகிய நாகூம்"னு வருது இல்ல, அந்த எல்கோஸ் இந்த ஊர்தான்னு இங்கத்த பாரம்பரியம். ஊருக்குள்ள ஒரு பழைய யூத ஜெபஆலயம், அதுக்குள்ள நாகூம் கல்லறை. எல்கோஸ் கலிலேயாவுல இருந்த சின்ன கிராமம்னு ஜெரோம் நாலாம் நூற்றாண்டு வாக்குலயே எழுதியிருக்கார், அறிஞர்கள் நிறையபேர் அல்கோஷை ஒத்துக்கிறதில்ல. சித்தப்பாவும் அதைச் சொன்னாங்க, ஆனா கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க: சமாரியாவுல இருந்து சிறைபிடிச்ச ஜனங்களை அசீரியா தேசத்துலயே குடியேத்தினாங்கன்னு 2 இராஜாக்கள் 17-ல இருக்கு, அந்த அகதிக் குடும்பத்துல பிறந்த ஒருத்தர் இந்த மலையடிவாரத்துல இருந்து, நினிவேக்கு ஒண்ணு ரெண்டு நாள் நடை தூரத்துல, அந்தப் பட்டணம் உச்சத்துல இருக்கும்போதே "இரத்தப்பழிகளின் நகரத்திற்கு ஐயோ"ன்னு எழுதியிருந்தா அது எவ்ளோ பெரிய தைரியம்னு. கலிலேயாவோ யூதாவோ எங்க இருந்து எழுதியிருந்தாலும் காலம் என்னவோ அதுதான். மூணாம் அதிகாரத்துல நோ அம்மோன் விழுந்ததைச் சொல்றார், எகிப்து தேபேஸ், அது அசீரியா ராஜா அசுர்பானிபால் கையில விழுந்தது கி.மு. 663. அப்ப நாகூம் பேசினது 663-க்கும் 612-க்கும் நடுவுல. அசீரியாவுக்கு எதிரா வாயைத் திறந்தா உயிருக்கே ஆபத்தான காலம்.

ஜெபஆலயம் இடிஞ்சு விழற நிலையில இருந்து சமீபத்துலதான் செப்பனிட்டு முடிச்சிருக்காங்க. கல்லு வளைவுகள், சுவத்துல எபிரெயு எழுத்து, நடுவுல கம்பிக்கிராதிக்குள்ள கல்லறை. ஒரு காலத்துல வாரங்களின் பண்டிகைக்கு ஈராக் முழுக்க இருந்து யூதர்கள் இங்க வந்து தங்கி, கல்லறையைச் சுத்தி நின்னு நாகூம் புஸ்தகத்தை முழுசா வாசிப்பாங்களாம். 1948-க்கு அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல ஈராக் யூதர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் கிளம்ப வேண்டியதாப்போச்சு, போகும்போது சாவியைப் பக்கத்துல ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காங்க, அந்தக் குடும்பம் இத்தனை வருஷமும் இடத்தைப் பாத்துட்டு வந்திருக்கு. இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. சொந்தக்காரங்க திரும்பி வரவே மாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஒரு வீடு சாவியைப் பத்திரமா வச்சிருக்கு.

சித்தப்பா பைபிளை எடுத்து மூணு அதிகாரத்தையும் தமிழ்ல சத்தமா வாசிச்சாங்க, பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. சவுக்கு சத்தம், ரதத்து உருளை சத்தம், குதிரை பாயுறது, பட்டயம் மின்னுறது, பிணத்து மேல பிணம், அந்த மூணாம் அதிகாரத் துவக்கத்தைக் கண்ணால படிக்கக்கூடாது, காதால கேக்கணும். ஒரு சினிமாக்காரன் கூட இவ்ளோ வேகமா கட் பண்ண மாட்டான். டிரைவர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா "நினிவே"ங்கிற பேரு வர்ற ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார்.

மத்தியானம் மலை மேல ரப்பான் ஹோர்மிஸ்த் மடம். ஏழாம் நூற்றாண்டு மடம், பாறையைக் குடைஞ்ச அறைகள். சித்தப்பாவுக்கு முட்டி வலி, அதனால சீக்கிரம் இறங்கிட்டோம்.

புதன், நினிவே

மோசூல் போற வழியில செக்போஸ்ட் மேல செக்போஸ்ட், ஒவ்வொண்ணுலயும் பாஸ்போர்ட்டை எடுத்துக் குடு, போட்டோகாப்பி குடு, எதுக்கு வந்தீங்கன்னு சொல்லு. ஒரு சிப்பாய் எங்களைப் பாத்து "ஹிந்தி?"ன்னு சிரிச்சுட்டு அமிதாப் பச்சன் பேரைச் சொல்லி விட்டுட்டான்.

டைகிரிஸ் ஆத்துக்கு மேற்க பழைய மோசூல், கிழக்க நினிவே. சுத்துமதில் 12 கிலோமீட்டர், 15 வாசல், உள்ள கிட்டத்தட்ட 750 ஹெக்டேர். மனசுல பெரிய கோட்டையை வச்சுட்டுப் போகாதீங்க. முதல்ல தெரியுறது புல்லு மூடின நீளமான மண்மேடு, நம்ம ஊரு பெரிய குளத்துக்கரை மாதிரி வளைஞ்சு போகுது, அதுக்குப் பக்கத்துலயே மெயின் ரோடு, பெட்ரோல் பங்க், வீடுங்க, டயர் கடை. இதுதானான்னு நான் கேட்டேன். சித்தப்பா பதில் சொல்லல, கரை மேல ஏறி மண்ணைக் கையில அள்ளிப் பாத்துட்டு நின்னாங்க.

குயுஞ்சிக் மேட்டுலதான் சனகெரிப்போட அரமனை. நிகரில்லாத அரமனைன்னு அவனே பேரு வச்சான். 1840-கள்ல லேயார்டுங்கிற இங்கிலீஷ்காரர் தோண்டி எடுத்தார், அசுர்பானிபாலோட நூலகத்துக் களிமண் பலகைகளும் இந்த மேட்டுல இருந்து கிடைச்சதுதான், துண்டும் முழுசுமா சுமார் 30,000, இப்ப லண்டன்ல இருக்கு. மேட்டு மேல இன்னைக்கு என்ன இருக்குன்னா, பள்ளம், குவியல், புல்லு, ஒரு பையன் மேய்க்கிற செம்மறி ஆட்டுக்கூட்டம். சித்தப்பா செப்பனியா 2-ஐ எடுத்தாங்க: "நான்தான், என்னைத்தவிர வேறொருவரும் இல்லையென்று தன் இருதயத்தில் சொல்லி" நிர்விசாரமா வாழ்ந்த நகரம்னு வரும், அதுக்கு முந்தின வசனத்துல மந்தைகள் அதின் நடுவுல படுத்துக்கொள்ளும்னு இருக்கு. ஒரு கிடா எங்க பக்கத்துலயே படுத்துட்டு அசை போட்டுட்டிருந்துச்சு. இதுல நான் ஒண்ணும் ஜோடிக்கல, போட்டோ போட்டிருக்கேன்.

யூதாவுல இருந்த லாகீஸ் பட்டணத்தை சனகெரிப் பிடிச்ச சிற்பம் இந்த அரமனையில ஒரு ரூம் முழுக்கச் சுவத்துல இருந்துச்சு. அதுவும் இப்ப லண்டன் மியூசியத்துல, சித்தப்பா போன்ல போட்டோ வச்சிருந்தாங்க, மேட்டு மேலயே உக்காந்து பெருசாக்கிப் பாத்தோம். மதில் மேல ஏறுற சாய்தளம், தீப்பந்தம், மூட்டை முடிச்சோட போற குடும்பங்க, மாட்டுவண்டியில குழந்தைங்க, தரையில கிடத்தித் தோலுரிக்கப்படுற ரெண்டு ஆளுங்க. சனகெரிப் சிங்காசனத்துல உக்காந்து பாக்குறான். இப்ப அவன் முகத்தை மட்டும் பெருசாக்கிப் பாருங்க. முகம் இல்ல. உளியாலயோ கத்தியாலயோ கொத்தி எடுத்திருக்கு, சுத்தி மத்தது எல்லாம் அப்படியே இருக்கு. 612-ல உள்ள புகுந்த சிப்பாய் யாரோ, எரியுற அரமனைக்குள்ள, இந்த ஒரு முகத்தைத் தேடிக் கண்டுபிடிச்சுச் செதைச்சிருக்கணும்னு ஆராய்ச்சிக்காரங்க நினைக்கிறாங்க. அவன் யாரு, மேதியனா, பாபிலோன்காரனா, அவன் தாத்தா 689-ல எங்க இருந்தார்னு எனக்கு இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு.

சாயங்காலம் தென்கிழக்கு மூலைக்குப் போனோம், ஹல்சி வாசல். 1989, 90-ல டேவிட் ஸ்ட்ரோனாக்ங்கிறவர் தலைமையில கலிபோர்னியா பல்கலைக்கழக டீம் இங்க தோண்டினாங்க. ஏழு மீட்டர் அகலம் இருந்த வாசலைக் கடைசி நேரத்துல அடைச்சு ரெண்டு மீட்டராக் குறுக்கியிருக்காங்க. அந்தச் சந்துல எலும்புக்கூடுங்க, விழுந்தது விழுந்தபடி, ஒண்ணு மேல ஒண்ணு, அம்பு முனைகளோட, அதுல சின்ன வயசுப் பிள்ளைங்களும் உண்டு. யாரும் எடுத்துப் புதைக்கல. களிமண்ணை மிதி, அரணைப் பலப்படுத்து, முற்றுகைக்குத் தண்ணி மொண்டு வைன்னு நாகூம் சொல்றாரே, அதைத்தான் பண்ணிப் பாத்திருக்காங்க. முற்றுகை மூணு மாசம்னு பாபிலோன்காரங்களோட நாளாகமப் பலகை சொல்லுது, பட்டணத்தை இடிபாட்டுக் குவியலாக்கினாங்கன்னும் அதுல இருக்கு.

இங்க வந்து நின்னப்ப சந்தோஷமா இல்ல. இவ்ளோ நாள் நாகூமைப் படிக்கும்போது எனக்குள்ள ஒரு வெற்றிக் களிப்பு இருந்துச்சு, கடைசி வசனத்துல உன் செய்தியைக் கேக்குற எல்லாரும் கை தட்டுவாங்கன்னு வரும்போது நானும் மனசுக்குள்ள தட்டியிருக்கேன். அந்தப் பிள்ளைங்க லாகீஸ்ல யாரையும் தோலுரிக்கல. சித்தப்பாக்கிட்ட கேட்டேன், இது நியாயமான்னு. அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "யோனா கடைசி வசனத்தைப் பாருல, வலதுகை இடதுகை வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரம் பேருக்காகப் பரிதபிக்கிறேன்னு சொன்னதும் அவர்தான், ரெண்டு புஸ்தகமும் ஒரே பட்டணத்துக்கு, ஒண்ணை மட்டும் கையில வச்சுட்டு இங்க நிக்கக்கூடாது"ன்னாங்க. எனக்கு முழுசா தீரல. அதையும் எழுதிடறேன்.

வியாழன், நிம்ரூத்

மோசூலுக்குத் தெற்க முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஆதியாகமம் 10-ல வர்ற காலாகு இதுதான். நினிவேக்கு முன்னாடி அசீரியாவோட தலைநகரம், பழைய ஊரை இரண்டாம் அசுர்நசிர்பால் ராஜா புதுசாக் கட்டித் தலைநகரமாக்கினது. அரமனைத் திறப்பு விழாவுக்கு 69,574 பேருக்குப் பத்து நாள் விருந்து வச்சேன்னு கல்லுல எழுதி வச்சிருக்கான். எதிர்த்த ஊர்த் தலைவர்களைத் தோலுரிச்சுத் தூண் மேல போத்தினேன்னு எழுதினதும் அதே ஆளுதான்.

அரமனைச் சுவர்ப் பலகை ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே வாசகம், மகா ராஜா, வல்லமையுள்ள ராஜா, உலகத்தின் ராஜா, நான் அதைப் பிடிச்சேன், இதைக் கட்டினேன்னு. பலகைக்குப் பலகை அதே தான், சிற்பத்துல இருக்கிற உருவத்தோட உடுப்பு மேல கூட எழுத்து ஓடும். ஏசாயா 10:13-ல அசீரியா ராஜா பேசுற மாதிரி வருதே, என் கையின் பெலத்தினாலயும் என் ஞானத்தினாலயும் செஞ்சேன்னு, அது தீர்க்கதரிசி கற்பனை பண்ணின வசனம்னு நான் நினைச்சிருந்தேன். இந்தச் சுவரைப் பாத்தப்புறம் அவர் குறைச்சு எழுதியிருக்கார்னுதான் தோணுது.

ஆனா பாக்குறதுக்கு இப்ப இருக்கிறது துண்டுகள். 2015-ல ஐ.எஸ். இங்க வந்து சுத்தியலாலயும் மெஷினாலயும் உடைச்சு, மிச்சத்துக்கு டிரம் டிரம்மா வெடிமருந்து வச்சு வெடிச்சாங்க. ஜிகுராத்தை (அடுக்கடுக்கா உயர்ற கோயில் கோபுரம்) அடுத்த வருஷம் புல்டோசர் வச்சுத் தள்ளிட்டாங்க. ஒரு பலகைத் துண்டு என் கால்கிட்ட கிடந்துச்சு, கையகலம்தான், செட்டை இறகு நாலு வரிசை, ஒவ்வொரு இறகுக்கும் நடு நரம்பு வெட்டியிருக்கு, ஓரத்துல புதுசா உடைஞ்ச இடம் சர்க்கரை மாதிரி வெள்ளையா மின்னுது. ஈராக் தொல்லியல் ஆளுங்க இப்படித் துண்டு துண்டா நம்பர் போட்டு, அடுக்கி, ஒட்டிட்டிருக்காங்க.

இதுதான் நான் இந்தப் பயணத்துல முக்கியமா எழுத நினைச்சது. கவனமாப் படிங்க. உடைச்சவங்களும் கடவுள் பேரைச் சொல்லித்தான் உடைச்சாங்க, விக்கிரகத்தை அழிக்கிறோம்னாங்க. நம்ம ஆளுங்கள்லயும் சிலபேர் அப்போ வாட்சப்ல இது நாகூம் தீர்க்கதரிசனம் நிறைவேறுதுன்னு போட்டாங்க, எனக்கே வந்துச்சு. இல்லவே இல்ல. நினிவே மேல வந்த நியாயத்தீர்ப்பு கி.மு. 612-ல முடிஞ்சு போச்சு, எப்படி முடிஞ்சுதுன்னா, 401-ல செனோபோன்ங்கிற கிரேக்க எழுத்தாளர் கிரேக்கப் படையோட இந்த வழியாப் போனப்ப நினிவே, நிம்ரூத்னு இந்த ரெண்டு இடிபாட்டையும் பாத்துட்டு இது யாரு ஊருன்னே தெரியாம மேதியர் ஊருன்னு எழுதினார், இருநூத்திச் சொச்சம் வருஷத்துக்குள்ள பேரே மறந்துபோச்சு. அதுக்கு மேல என்ன வேணும்? 2015-ல சுத்தியல் எடுத்தவங்க நாகூம் பக்கம் நிக்கல, அவங்க நின்னது கோடரி பக்கம். அழிக்கிறதுக்குக் கையில பலம் வந்த உடனே நான்தான் கர்த்தருடைய கைன்னு நினைச்சாங்க, அசீரியா பண்ணின பாவமும் அதே தான். பிடிச்ச ஊர்ல ஜனங்களை வீட்டை விட்டு விரட்டினதும், கொன்னதை ஊருக்கெல்லாம் காட்டிப் பயமுறுத்தினதும் கூட அப்படியே. கல்லுல வெட்டினதுக்குப் பதிலா வீடியோ போட்டாங்க.

டிரைவர் அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்ப, சித்தப்பா கையைப் பிடிச்சுட்டு "கரெக்ட் அங்கிள், கரெக்ட்"னு ரெண்டு தடவை சொன்னார்.

வெள்ளி, மோசூல், கரகோஷ்

நெபி யூனுஸ் மேடு, யோனா கல்லறைன்னு முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் மதிச்ச மசூதி இருந்த இடம், 2014 ஜூலை 24 அன்னைக்கு வெடி வச்சுத் தகர்த்தாங்க. அடியில புதையலுக்காகக் குடைஞ்ச சுரங்கத்துல எசரத்தோனோட அரமனைச் சிற்பங்கள் வெளிய வந்துச்சு. சனகெரிப்போட மகன். நிஸ்ரோகு கோயில்ல கும்பிட்டுட்டிருந்த அப்பனை மத்த ரெண்டு மகன்கள் அதரமலேக்கும் சரேத்சேரும் வெட்டினப்புறம் பட்டத்துக்கு வந்தவன்.

பழைய மோசூல் இன்னும் பாதி இடிபாடுதான், 2017 சண்டையோட மிச்சம், நடுவுல கல்லுக்கட்டுற சத்தமும் கேக்குது. 2021 மார்ச்ல போப் பிரான்சிஸ் இங்க வந்து இடிஞ்ச கோயில்களுக்கு நடுவுல நின்னு ஜெபம் பண்ணினார், அந்த முற்றத்துல கொஞ்ச நேரம் இருந்தோம். நம்ம நாட்டு ஆளுங்க 39 பேர், கட்டட வேலைக்கு வந்தவங்க, 2014-ல இங்கதான் பிடிபட்டாங்க, 2018-ல பாதூஷ் பக்கம் புதைச்ச இடத்துல உடல் கிடைச்சுது, அவங்களுக்காகவும் சித்தப்பா ஜெபிச்சாங்க.

மத்தியானம் கரகோஷ். அல் தாஹிரா கோயிலை ஐ.எஸ். எரிச்சு முற்றத்தைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு வச்சிருந்தாங்க, இப்ப புதுசாக் கட்டி எடுத்திருக்காங்க. அங்க பேசிட்டிருந்தப்பதான் நினிவே நோன்பு பத்தித் தெரிஞ்சுது. லெந்துக்கு (ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலம்) மூணு வாரம் முன்னாடி மூணு நாள், யோனா பிரசங்கத்தைக் கேட்டு நினிவே ஜனங்க இருந்த உபவாசத்தை நினைச்சு, இங்கத்த சுரியானி, கல்தேய, அசீரிய சபைகள் எல்லாம் உபவாசம் இருக்காங்க, சிலர் தண்ணி கூடக் குடிக்கிறதில்ல. கேரளாவுல சுரியானி கிறிஸ்தவங்க மூணு நோம்புன்னு இருக்கிறதும் இதே தான். சித்தப்பா கேட்டாங்க, நீங்க உங்களை யாருன்னு சொல்லிக்குவீங்கன்னு. டிரைவர் அண்ணன் நெஞ்சுல கை வச்சு, நாங்க சூராயே, அசீரியாவோட பிள்ளைங்கன்னு எங்க தாத்தா சொல்லுவார்னார். சித்தப்பா உடனே ஏசாயா 19 எடுத்து, எகிப்து என் ஜனம், அசீரியா என் கரத்தின் கிரியை, இஸ்ரவேல் என் சுதந்தரம்னு கர்த்தர் மூணு பேரையும் சேத்து ஆசீர்வதிக்கிற வசனத்தை இங்கிலீஷ்ல சொன்னாங்க. அவர் அரபி பைபிள்ல அதைத் தேடி எடுத்துத் தன் மனைவிக்குப் போன் போட்டுப் படிச்சுக் காட்டினார். அவர் தம்பி ஆஸ்திரேலியாவுல, அக்கா அமெரிக்காவுல. 2003-க்கு முன்னாடி ஈராக்ல பத்து லட்சத்துக்கு மேல கிறிஸ்தவங்க இருந்தாங்கன்னு சொல்றாங்க, இன்னைக்கு அதுல கால்வாசி கூட இருக்குமான்னு தெரியலன்னார்.

நாளைக்கு ஃப்ளைட். போக நினைக்கிறவங்க நிறையபேர் மெசேஜ்ல கேட்டிருந்தீங்க, அதனால ரெண்டு விஷயம். மார்ச் கடைசி, ஏப்ரல்ல போங்க, ஜூன்ல அந்த வெயில்ல மேட்டு மேல நிக்க முடியாது. பாஸ்போர்ட் காப்பி பத்துப் பதினஞ்சு எடுத்துக்கோங்க, நிம்ரூத்துக்கு முன்னாடியே பெர்மிஷன் கேட்டு வைங்க, லோக்கல் ஆள் இல்லாம போகாதீங்க. எல்லாரும் ஏர்போர்ட்ல இறங்கின மறுநாளே நினிவேக்கு ஓடுவாங்க, அப்படிப் பண்ணாதீங்க. முதல்ல கின்னிஸ் போய் அவன் பாபிலோனை என்ன பண்ணினேன்னு எழுதினதைப் பாருங்க, அடுத்தது அல்கோஷ்ல நாகூமைச் சத்தமா வாசிங்க, அதுக்கப்புறம் ஹல்சி வாசலுக்குப் போங்க. யோனாவையும் கூடவே எடுத்துட்டுப் போங்க.